12345678987654321: நண்பனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். குறுவை நடவு முடிந்தது, அரசலாற்றில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. சீர்காழிப் பக்கம் கடைமடை வரை வந்ததா என்று எழுது.

உன் பிள்ளைகள் கேட்ட 12345678987654321-க்கு வருகிறேன். சம்பந்தர் மாலைமாற்றுப் பதிகம் பாடிய உங்கள் ஊரில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவதுதான் மாலைமாற்று என்று விளக்கவே வேண்டாம். எண்ணில் அது ஏன் அமைகிறது என்று காட்டினால் போதும். 111111111-ஐ அதே எண்ணால் கையாலேயே பெருக்கச் சொல். ஒன்பது வரிசை, ஒவ்வொன்றும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி. பத்திவாரியாகக் கூட்டினால் 1, 2, 3 என்று ஏறி, 9-ஐத் தொட்டு இறங்கும். எந்தப் பத்தியும் 10-ஐ எட்டாததால் இனமாற்றமே இல்லை. அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது. பத்து 1-கள் எடுத்தால் நடுப்பத்தி 10 ஆகும். அதன் 1 இடப்பக்கம் போய் அங்குள்ள 9-ஐயும் 10 ஆக்கிவிடும். விடை 1234567900987654321, மாலைமாற்று உடைந்துபோகும்.

எக்செல் விரிதாளில் இதைப் பெருக்கினால் விடை 300 என்று முடிகிறதே என்று குழம்ப வேண்டாம். அது 15 இலக்கம் வரைதான் காட்டும், மிச்சத்துக்குச் சுழியம் போடும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 320 என்று முடியும். 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் அதன் சாதாரண எண்வகையில் ஒற்றைப்படை எண் நிற்காது. பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணாகப் போட்டால் சரியாக வரும்.

11-ஆல் வகுபடுமா என்றும் கேட்டிருந்தாய். இலக்க எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எந்த மாலைமாற்று எண்ணும் 11-ஆல் வகுபடும். எதிரெதிர் இலக்கங்கள் கூட்டல் கழித்தலில் அடிபட்டுப் போகும். இதற்கு 17 இலக்கம். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 41, மற்றவை 40, ஆக மீதி 1. ஆனால் ஒற்றைப்படை இலக்கம் என்றாலே வகுபடாது என்று முடிவுகட்டிவிடுவார்கள், 121-ஐக் காட்டு.

37-ஆல் வகுபடுமா என்று பார்க்க, வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டு: 12 + 345 + 678 + 987 + 654 + 321 = 2997, அதாவது 3 × 999. 999 என்பது 27 × 37. ஆகவே 37-ஆல் வகுபடும்.

முழுதாகக் காரணிப்படுத்த 17 இலக்கத்தோடு மல்லுக்கட்டாதே, வர்க்கமூலத்தைப் பிடி. 111111111 = 111 × 1001001. முன்னது 3 × 37, பின்னது 3 × 333667. இந்த 333667 பகா எண்தானா என்பதே உண்மையான வேலை. 577 வரையுள்ள 106 பகா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. அதை வகுக்கும் பகா எண் 10-இன் 9-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்ணையும் வகுக்கும், 999-ஐ வகுக்காது. அப்படியானால் அந்தப் பகா எண்ணை 18-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 19, 37, 73 எனத் தொடங்கி 577 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் 17-தான். ஒன்றாலும் வகுபடாது.

ஆக நம் எண் 3⁴ × 37² × 333667², காரணிகள் 45. அவற்றில் எவையெல்லாம் மாலைமாற்று என்று பிள்ளைகளையே தேடச் சொல். 12321 சட்டென்று கிடைத்துவிடும். அதன் இணை 1002003002001-ஐ யார் முதலில் பிடித்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்