கஸ்டானின் பாட்டும் பேத்தியின் கேள்வியும்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து, காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம்.

விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தியோடு சென்ற ஞாயிறன்று, 1991-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தை மீண்டும் பார்த்தேன். வேட்டைக்காரன் கஸ்டான் ஊரைத் திரட்டிக்கொண்டு, சாபத்தால் மிருகமாகிப்போன இளவரசனின் கோட்டையைத் தாக்கப் புறப்படும் பாட்டு வந்தபோது, அவள் தலையணையை மடியில் வைத்து, மிருகத்தைக் கொல்லச் சொல்லும் கோஷத்துக்குத் தாளம் போட்டாள். முடிந்ததும், “தாத்தா, அந்த மிருகம் இவங்களை என்ன செஞ்சது?” என்று கேட்டாள். ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னபோது எனக்கே உடல் சிலிர்த்தது.

மிருகத்தைக் கண்டதாகச் சொன்ன தன் தந்தை பித்துப் பிடித்தவர் அல்லர் என்று நிரூபிக்கத்தான் கதாநாயகி பெல், அந்த மிருகம் தெரியும் மாயக் கண்ணாடியை ஊராருக்குக் காட்டுகிறாள். அதையே கஸ்டான் பிடுங்கிக்கொண்டு, அந்த மிருகம் இரவில் வந்து உங்கள் பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடும் என்கிறான். அவன் போடுவது அந்த ஒரு விதைதான். பாட்டின் முதல் அடிகளைப் பாடுபவன் அவன் அல்லன் என்பதைக் கவனித்திருக்கிறாயா? கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவராக, அது செத்தால்தான் நமக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளைத் தின்றுவிடும், ஊரையே நாசமாக்கிவிடும் என்று ஆளுக்கொரு அடி சேர்த்த பிறகே அவன் குரலெடுக்கிறான். போகும் வழியில், புரியாதது தங்களுக்குப் பிடிக்காது, அது அச்சமூட்டுகிறது என்று அவர்களே பாடுகிறார்கள். ஐம்பது பேர் சேர்ந்து வருகிறோம், ஐம்பது பேர் தவறாக இருக்க முடியாது என்றும் முழங்குகிறார்கள். எண்ணிக்கையையே நியாயமாக்கிவிடும் அந்த அடிதான், முரளி, என்னை மிகவும் அச்சுறுத்துகிறது.

ஆலன் மென்கன் இசையமைத்த இந்தப் பாட்டுக்கு வரிகள் எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன், படம் திரைக்கு வரும் முன்பே, 1991 மார்ச்சில், நாற்பது வயதில் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். படத்தில் அந்த நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அந்நாளில் அமெரிக்காவில் நோயாளிகளைத் தொடவே அஞ்சியவர்களை எண்ணும்போது, இந்த வரிகளை அவருடைய கடைசி மாதங்களிலிருந்து என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. அதே சாபத்தால் பொருள்களாகிவிட்ட கோட்டைப் பணியாளர்களான மெழுகுவர்த்தியும் கடிகாரமும் தேநீர்க் குடுவையும் தங்களைக் காத்துக்கொள்ள அணிவகுக்கும்போது பாடுவதும் இதே மெட்டைத்தான். ஸ்வரம் அறிந்தவன் நீ. அந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு, அப்போது அது வேறு பாட்டாக ஒலிக்கிறதா என்று எழுது. பேத்திக்கு அதையும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் ராமு