பயண ஒளிப்படப் போட்டிகளின் விதிகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், படங்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் போட்டி அறிவிப்பு வெளியானதும் என்னிடம் ஒளிப்படம் கற்கும் இளைஞர்கள் கேட்கிற முதல் கேள்வி, "போன வருஷம் எந்தப் படம் ஜெயிச்சது?" என்பதுதான். தாங்கள் எடுத்ததில் நல்ல படம் எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. ஜெயித்த படத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்துக்கு, அதே மாதத்தில், அதே வெளிச்சத்துக்குப் போகத் திட்டம் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகைகளில் பயணப் பக்கங்கள் சுருங்கிவிட்டன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே எடுத்து விற்பனைக்கு வைக்கும் ஸ்டாக் படங்களின் விலை சரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவரின் மின்னஞ்சலுக்கு எடிட்டர்கள் பதில் எழுதுவது அபூர்வம். பெயரோடு ஒரு விருது ஒட்டிக்கொண்டால் வேலை கிடைக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நீங்களும் விளம்பரங்களில் அதையே சொல்கிறீர்கள். ஆகவே உங்கள் விதிமுறைகளில் இருக்கும் ஒவ்வொரு வரியும், எங்கோ ஒருவர் கேமராவைத் தூக்கும் விதத்தை மாற்றுகிறது. அந்த வரிகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

சீனாவின் லி நதியில் நீர்க்காகங்களோடு மூங்கில் தெப்பத்தில் நிற்கும் முதியவர். மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக்காலில் நின்று கூம்பு வலையைத் தூக்கும் மீனவர். இலங்கையின் தென்கரையில் கடலில் நட்ட கழியின் மேல் அமர்ந்து தூண்டில் போடுபவர். நடுவர்களே, இந்த மூன்று காட்சிகளையும் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! இன்று அங்கே நிற்பவர்களில் பலர் மீனுக்காக நிற்கவில்லை, படமெடுக்க வருகிறவர் தரும் கூலிக்காக நிற்கிறார்கள். அது அவர்களுடைய உழைப்பு. அதற்குக் கூலி வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை, கொடுப்பவர் குறைவில்லாமல் கொடுக்கவும் வேண்டும். பிழை நேர்வது, அந்தப் படத்தின் கீழே 'விடியற்காலையில் மீன்பிடிக்கும் மீனவர்' என்று எழுதும்போதுதான். கேமராவுக்காக நின்றவரின் வேலை அந்த வரியில் மறைந்துபோகிறது. பார்ப்பவருக்கோ, இப்போது அங்கே இல்லாத ஒரு வாழ்க்கை இருப்பதாகக் காட்டப்படுகிறது.

இதற்கு விதி எழுத முடியாது என்று சொல்லாதீர்கள், எழுதியிருக்கிறார்கள். 1934-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஒளிப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பயணப் படம் எது என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ஒரு நிலத்தின் தன்மையையும் பண்பாட்டையும் அவை இயல்பாக இருக்கிறபடியே படம் காட்ட வேண்டும். படமெடுப்பதற்கென்றே ஏற்பாடு செய்த நிகழ்ச்சிகளும், கூலிக்கு அமர்த்தி அல்லது சொல்லிக்கொடுத்து நிறுத்திய மனிதர்களும் அந்தப் பிரிவுக்குப் பொருந்தாது. மிக நெருக்கத்தில் எடுத்த முகமானாலும் அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லும் ஏதோ ஒன்று படத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாப் போட்டிகளும் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்பாடு செய்து எடுத்த படத்துக்கும் ஒரு பிரிவு இருக்கட்டும். ஆனால் நுழைவுப் படிவத்தில் கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காட்சி ஏற்பாடு செய்யப்பட்டதா? படத்தில் இருப்பவருக்குப் பணம் கொடுக்கப்பட்டதா? ஒளிப்படச் சுற்றுலாவில் பலர் சேர்ந்து எடுத்ததா? கேள்வி இல்லாததால்தான் பலர் பதில் சொல்லாமல் போகிறார்கள், எல்லாரும் பொய் சொல்ல நினைப்பவர்கள் அல்லர்.

2019-ல் துபாயில் வழங்கப்படும் ஹிபா என்ற சர்வதேச ஒளிப்பட விருதில் 1,20,000 டாலர் முதல் பரிசு, வியட்நாமில் குழந்தைகளோடு நிற்கும் ஒரு தாயின் படத்துக்குக் கிடைத்தது. பின்னர், அதே தாயைச் சுற்றி ஒளிப்படக்காரர்கள் பலர் நின்று படமெடுக்கும் காட்சி வெளியாயிற்று. ஏற்பாடு செய்த காட்சி என்று பலர் சொன்னார்கள், வழியில் தற்செயலாகப் பார்த்து இறங்கி எடுத்தது என்று வென்றவர் சொன்னார். யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த வாக்குவாதம் நடந்த நாட்களில் நான் தேடிக்கொண்டிருந்த கேள்விகள் வேறு. அந்தத் தாயிடம் சம்மதம் எப்படிக் கேட்கப்பட்டது? தன் படம் ஒரு போட்டிக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியுமா? ஒவ்வொரு போட்டியின் படிவத்திலும் இந்த இரண்டு கேள்விகளும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காட்டுயிர்ப் போட்டியைப் பாருங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் போட்டியில், வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் 2009-க்கான முதல் பரிசு பெற்றது. அது மனிதர்களிடம் பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்ததும், 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2018-ல், முந்தைய ஆண்டு வென்ற ஒரு படத்தில் இருந்த எறும்புண்ணி பாடம் செய்யப்பட்ட உடல் என்று நிபுணர்கள் முடிவு செய்ததும் அதையும் நீக்கினார்கள். ஓநாய்க்கும் எறும்புண்ணிக்கும் காட்டிய அக்கறையை மனிதர்களுக்கும் காட்டுங்கள் என்று உங்களிடம் கேட்பது அதிகப்படியான கோரிக்கையா?

இடத்தைப் பற்றிய பொய்யும் சிறிய பொய் அல்ல. 2015-ல் செய்திப் படங்களுக்கான சர்வதேசப் போட்டியான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ, பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரைப் பற்றிய ஒரு படத்தொடருக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றது. அங்கே எடுத்ததாகக் குறிப்பிட்டிருந்த ஒரு படம் உண்மையில் அந்த நகரில் எடுத்ததல்ல, பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது. ஒரு படக்குறிப்புக்காக ஒரு தொடரே பரிசை இழந்தது. பயண ஒளிப்படத்தில் இடம்தானே பொருள்? அப்படியிருக்க, படக்குறிப்பை இரண்டு வரிக்குள் அடக்கச் சொல்வதும், பல போட்டிகளில் முதல் சுற்று முடியும்வரை நடுவர்களுக்கு அதைக் காட்டாமலே இருப்பதும் எனக்குப் புரியவில்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய ஒரு படம் 2023-ல் சோனி உலக ஒளிப்பட விருதுகளின் திறந்த போட்டியில் ஒரு பிரிவை வென்று, அனுப்பியவரே அந்தப் பரிசு வேண்டாம் என்று சொன்ன பிறகு, கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்பான ரா ஃபைலைக் கேட்பது மட்டும் போதாது. முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேளுங்கள். அங்கே போய் நின்றவரிடம் அவை கட்டாயம் இருக்கும்.

இனி உரிமம் பற்றி. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

'பங்கேற்கும் எல்லாப் படங்களையும் அமைப்பாளர்கள் நிரந்தரமாக, உலகம் முழுவதும், கட்டணமின்றி, மூன்றாம் தரப்பினருக்கு மாற்றித் தரும் உரிமையோடு பயன்படுத்தலாம்.' இந்த வகை வாசகம் எத்தனை போட்டிகளில் இருக்கிறது! வென்றவர்களின் படங்களுக்கு மட்டுமல்ல, முதல் சுற்றிலேயே விழுந்த படங்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஒரு சுற்றுலா அமைப்போ விமான நிறுவனமோ போட்டி நடத்தினால், ஒரே பருவத்தில் அதற்கு ஆயிரக்கணக்கான படங்கள் காசில்லாமல் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் ஏன் ஒருவரை வேலைக்கு அமர்த்தி, பயணச்செலவும் ஊதியமும் கொடுத்துப் படமெடுக்கச் சொல்லப் போகிறார்கள்? தொழிலுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லும் போட்டியே அந்தத் தொழிலின் வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இன்னொரு சேதமும் உண்டு, இளைஞர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. நாளைக்கு ஒரு விளம்பர நிறுவனம் அந்தப் படத்தைத் தனக்கு மட்டுமே என்ற உரிமையோடு நல்ல விலைக்குக் கேட்டு வந்தால், 'வேறு யாரிடமும் இந்தப் படம் இல்லை' என்று படமெடுத்தவரால் கையெழுத்துப் போட முடியாது. தோற்றுப்போன ஒரு போட்டியின் விதி, அவரது சிறந்த படத்தின் விலையை ஆயுள் முழுக்கக் குறைத்துவிடுகிறது. சில போட்டிகள் பெயர் போடும் உரிமையையே விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன. படைப்பாளியின் பெயரையும் படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதையும் காக்கும் பிரிவு 1928-லேயே பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதைக் கைவிடச் சொல்லி ஒரு பெட்டியில் டிக் அடிக்க வைப்பது நியாயமில்லை. மூன்றாம் தரப்புக்கு மாற்றித் தரலாம் என்ற வாசகம் இருந்தால், நாளை அந்தப் படங்கள் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவும் போகலாம். அதற்குக் கொடுக்க மாட்டோம் என்றால், அதை விதியிலேயே இப்போதே எழுதி வையுங்கள்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். போட்டி நடத்தச் செலவாகும், அது தெரியும். ஆனாலும் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. 2022 போட்டியிலிருந்து உலகை ஆறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் நடுவர்களை முதலில் பார்க்கச் செய்தது. கட்டணம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், பணம் கட்டியவருக்குத் தன் படம் எந்தச் சுற்றுவரை போனது என்பதையாவது சொல்லுங்கள். பாதி வழி வந்த படம் எது என்று தெரிந்துகொள்வது, கற்கிறவருக்கு ஒரு சான்றிதழைவிடப் பயன்படும்.

நடுவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஒற்றைப் படத்துக்குக் கொடுக்கும் மதிப்பில் கொஞ்சத்தையாவது தொடருக்குக் கொடுங்கள். விருது வாங்கிய ஒருவர் எடிட்டரைப் பார்க்கப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஊரில் வேறு என்ன எடுத்தீர்கள்?" என்பதுதான். ஊருக்குள் நுழையும் காட்சி, வேலை செய்யும் கைகள், வீட்டுக்குள் ஒரு முகம், வானம் சரியில்லாத மத்தியானம் என்று எல்லாம் இருந்தால்தான் அவரால் பக்கம் நிரப்ப முடியும். ஒரே ஒரு சூரிய உதயத்தோடு போனவருக்கு வாழ்த்து கிடைக்கும், வேலை கிடைக்காது. சில நொடிகளில் கண்ணைப் பறிக்கும் படத்தையே தேர்ந்தெடுத்துப் பழகிய நடுவர் குழு, நிதானமாகத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தவரைத் தவறவிட்டுவிடுகிறது. பயண ஒளிப்படத்தில் நிலைத்து நிற்கிறவர்களோ பெரும்பாலும் அப்படித் திரும்பிப் போகிறவர்கள்தான்.

அடுத்த பருவத்துக்கான விதிகளை எழுத உட்காரும்போது, உரிமம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துப் பாருங்கள். வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்:

'பதிப்புரிமை படமெடுத்தவருக்கே. இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற படங்களை மட்டும், இந்தப் போட்டியையும் அதன் கண்காட்சியையும் அறிவிப்பதற்காக மட்டும், எடுத்தவரின் பெயரோடு, முடிவு வெளியானதிலிருந்து ஓராண்டு பயன்படுத்துவோம். வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் தனியாக எழுதிக் கேட்டு, உரிய தொகை தருவோம். பட்டியலில் இடம்பெறாத படங்களை முடிவு வெளியானதும் அழித்துவிடுவோம்.'

அன்புடன்,
ஒரு பயண ஒளிப்படக் கலைஞர்