ஓவியர் சொன்னதைச் சொல்லக் கூசாதீர்கள்: காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலைக்கூடங்களில் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, சுவரில் மாட்டி, பக்கத்தில் விளக்க அட்டை எழுதி வைக்கும் காட்சி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆன்மிகத்தையும் அழகையும் இயற்கையையும் தம் பொருளாகக் கொண்ட ஓவியர்களுக்கு நீங்கள் இன்று முன்பைவிடத் தாராளமாக இடம் தருகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஓவியங்களுக்கு நீங்கள் எழுதும் அட்டைகளில் ஒரு கூச்சம் தெரிகிறது. ஓவியர் வழிபாடு என்று சொன்னது அங்கே 'செயல்முறை' ஆகிவிடுகிறது. அவர் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்த மலை 'நிலவெளி குறித்த விசாரணை' ஆகிவிடுகிறது.

இந்தக் கூச்சம் புதிதன்று. ஸ்வீடனைச் சேர்ந்த ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906 முதல் 1915 வரை 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்ற வரிசையில் 193 படைப்புகளை முடித்தார். அவற்றுள் 1907இல் வரைந்த பத்துப் பெரிய ஓவியங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம் கொண்டவை. கண்ணுக்குத் தெரியாத ஆற்றல்களின் ஏவலால் வரைவதாகவே அவர் நம்பினார். அதை மறைக்கவும் இல்லை. 1944இல் மறைந்த அவர், தம் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகள் இவற்றை வெளியே காட்ட வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் உலகம் அவரைக் காக்கவைத்தது. அரூப ஓவியம், அதாவது உருவங்களை வரையாமல் வண்ணமும் வடிவமும் மட்டுமே கொண்ட ஓவியம், பிறந்த கதையைச் சொல்வதற்காக 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெருங்காட்சியில்கூட அவர் இல்லை. 2018இல் அதே நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக்காட்சி நடத்தியபோது ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்தனர். கலையில் ஆன்மிகத்தைப் பற்றி நூலே எழுதிய ரஷ்ய அரூப ஓவியர் காண்டின்ஸ்கியையும், 1909இல் தியாசபிகல் சொசைட்டி என்ற ஆன்மிக அமைப்பில் சேர்ந்த டச்சு அரூப ஓவியர் மோந்திரியனையும் அவர்களுடைய நம்பிக்கைக்காக யாரும் ஒதுக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆன்மிகம் சிலருக்கு மட்டுமே குற்றமாகிறது.

அழகின் கதையும் ஏறக்குறைய இதுதான். அழகை அழிக்கும் வேட்கையே நவீனக் கலையை இயக்கியது என்று அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1948இல் எழுதினார். அந்தக் கருத்து உங்கள் துறையில் இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் அவருடைய நட்பு வட்டத்தில் இருந்த ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின், கலை என்றாலே அழகு என்று மீண்டும் மீண்டும் சொன்னவர். ஆறடிக்கு ஆறடி சதுரத் துணியில் பென்சிலால் அவர் இழுத்த கோடுகளை நெருங்கிப் பாருங்கள். பென்சில் முனை துணியின் இழைமேடுகளில் மட்டும் பட்டு, பள்ளங்களைத் தாண்டிப் போயிருப்பதால் கோடு புள்ளி புள்ளியாய் அறுந்து தெரியும். சில இடங்களில் கை நடுங்கியதும் தெரியும். சில அடி பின்னே வந்தால் கோடுகள் கரைந்து படம் முழுவதும் வெளிறிய மூட்டமாகிறது. இன்னும் பின்னே போனால் அந்த மூட்டமும் இறுகி ஒரே பரப்பாகிவிடுகிறது. இந்த முன்னும் பின்னுமான நடைதான் அந்த ஓவியம். நீங்களோ தரையில் கயிறு கட்டி, பார்வையாளரை ஒரே தொலைவில் நிறுத்திவிடுகிறீர்கள். ஓவியத்தின் பாதுகாப்புக்குக் கயிறு வேண்டியதுதான். ஆனால் ஐந்தாறு படங்கள் உள்ள அறையில் ஒன்றையாவது கண்ணாடியிட்டு, கயிறின்றி வைக்கலாமே.

இயற்கையை வரைபவர்கள் படும் பாடு வேறு. மலையோ மரமோ வரைந்தால் அதைப் பருவநிலை மாற்றம் பற்றிய எச்சரிக்கையாக்கினால்தான் அட்டைக்கு நிறைவு வருகிறது. பூமி சூடாவது உண்மை. அதைப் பற்றியே வரைபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் லெபனானில் பிறந்த கவிஞரும் ஓவியருமான எட்டல் அத்னான் கலிஃபோர்னியாவின் தமல்பயஸ் மலையைச் சின்னஞ்சிறு துணிகளில் கத்தியால் வண்ணம் அப்பித் திரும்பத் திரும்ப வரைந்தது, அந்த மலையின்மேல் அவருக்கு இருந்த தீராத பிடிப்பினால்.

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியரான எமிலி காமே உங்வாரேயை எடுத்துக்கொள்ளுங்கள். முதுமையில்தான் அவர் கேன்வாஸில் வரையத் தொடங்கினார், 1996இல் மறைந்துவிட்டார். கருப்புத் தளத்தில் வெள்ளைக் கோடுகள் மட்டுமே பின்னிப் படர்ந்த அவருடைய 1995ஆம் ஆண்டு ஓவியம் எட்டு மீட்டர் நீளமுடையது. அது அவர் மண்ணில் விளையும் கிழங்கின் கதை. தரையில் விரித்த துணியின்மேல் அமர்ந்து வரைந்தவர் அவர். அவருடைய மக்களுக்கு அந்தக் கிழங்கு உணவு, மூதாதை, சட்டம், பாட்டு எல்லாமே. ஆன்மிகத்தை ஓரறையிலும் இயற்கையை மற்றோர் அறையிலும் வைக்கும் உங்கள் ஏற்பாட்டில் அவரை எங்கே வைப்பீர்கள்? அமெரிக்க அரூப ஓவியர்களுடன் அவரை ஒப்பிடும் அட்டைகள் அந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிடுகின்றன.

இதற்காக ஆன்மிகம் என்று சொல்லிக்கொண்டு வரும் எல்லாவற்றுக்கும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. இந்திய ஓவியர் எஸ். எச். ரஸா, பிந்து எனப்படும் புள்ளியை வட்டமாக ஆண்டுக்கணக்கில் வரைந்து, வண்ணங்களின் இழுவிசையைச் சோதித்துக்கொண்டே இருந்தார். ஒரு வட்டமும் கொஞ்சம் தங்கத்தாளும் இருந்தால் போதுமென்று நினைப்பவர்கள் அவரிடம் வட்டத்தை மட்டுமே கற்றிருக்கிறார்கள். அவர்களுடைய படங்களை நீங்கள் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். ஆனால் படம் பலவீனமாக இருப்பதைக் காரணமாகச் சொல்லுங்கள், நம்பிக்கையைச் சொல்லாதீர்கள்.

அட்டையின் முதல் வரிகளில் ஓவியர் சொன்னது இருக்கட்டும்; உங்கள் விளக்கம் அதற்கு அடுத்து வரட்டும். எந்தத் துணியில், எந்த வண்ணத்தில், எப்படி அமர்ந்து வரைந்தார் என்பதையும் சேருங்கள். அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன், ஓவியர் உயிரோடிருந்தால் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு பார்வையாளர்