முரளியின் கணக்கு பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் நீ எழுந்து போய்விட்டாய். நீ திரும்பி வருவாய் என்று உன் அம்மாயி, என் அம்மா, அந்தக் கோப்பையை மூடி வைத்துக்கொண்டு இருட்டும்வரை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள்.

கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த நம் முத்தையா முரளிதரன், முரளி, பந்தை முறையாக வீசாமல் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிந்தவன் என்றாய். அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன்தான் சுழலுக்கு ராஜா என்றாய். கடைசியாக, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம சனத்துக்காக ஒரு வார்த்தை பேசாத ஆளுக்கு நீங்க ஏன் மாமா கொடி பிடிக்கிறீங்க?" என்று கேட்டாய். முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். மூன்றாவதுக்கு எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் போல யோசிக்கிற பிள்ளைகள் நம் மலையகத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1995 டிசம்பர் 26. எனக்குப் பத்து வயது. காலில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் இருந்த உன் தாத்தா, காம்பரா ஜன்னலில் வானொலியை வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெல்பனில் டெஸ்ட். இங்கே காலை ஒன்பது மணி இருக்கும். நடுவர் டெரல் ஹெயார், முரளி கையை மடக்கி எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு தரம் நோ போல், அதாவது செல்லாத பந்து, கொடுத்தார். தாத்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பிறகு நம் அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியின் பந்துவீச்சை மறுமுனைக்கு மாற்றினார். முரளி அங்கிருந்து தொடர்ந்து வீசினார், அந்த முனையில் நின்ற நடுவர் கையைத் தூக்கவே இல்லை. ஒரே பந்து, ஒரே கை!

சாயங்காலம் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அம்மாயியிடம் தாத்தா இதைச் சொன்னார். கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அப்போது அவளுக்குத் தெரியாது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அளந்து பார்த்தாங்களா, இல்லாட்டி கண்ணால பார்த்தே சொல்லிட்டாங்களா?"

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீ ஹட்டன் டவுனில் வளர்ந்தவன், கொழுந்து மடுவத்தில் நின்றதில்லை. காலையிலிருந்து மலையில் எடுத்த தேயிலைக் கொழுந்தை அங்கேதான் நிறுப்பார்கள். பைக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், மழைநாள் என்றால் ஈரத்துக்குக் கொஞ்சம். அதில் ஒரு நியாயம் உண்டு. யாராவது பைக்குள் கல்லைப் போட்டு வைத்திருந்தால் கொட்டிப் பார்ப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் நிறுவைக்கு நின்ற ஒருவர் முகத்தைப் பார்த்துக் கழிப்பார். அம்மாயி எதிர்த்துப் பேசுகிறவள். அவளுடைய பையில் எப்போதும் இரண்டு கிலோ கூடவே கழியும். அந்த இரண்டு கிலோவால் நாள் பேர், அதாவது முழுநாள் கூலி, போய் அரைப்பேர் விழுந்த நாட்கள் உண்டு. அன்றைக்கு வீட்டில் ரொட்டிக்குச் சம்பல் இருக்காது. "என்னைப் பிடிக்கலேன்னா திட்டு, கொழுந்துல ஏன் கை வைக்கிற?" என்று அவள் மடுவத்தில் நின்று சத்தம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

சரி, முதலில் பைக்குள் கல் இருந்ததா என்று பார்ப்போம். அளந்தார்கள், ஒரு தரம் இல்லை, பல தரம். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கமராக்களுக்கு நடுவில் நிறுத்தி அளந்தார்கள். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுதாக நேராகாது. மணிக்கட்டும் தோளும் மற்றவர்களுக்குச் சுழலாத அளவுக்குச் சுழலும். நம் கண் அதை எறிவதாகப் பார்க்கிறது. 2004-இல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா என்ற பந்தை அளந்தபோது கை நிமிர்வது 14 பாகை அளவில் வந்தது, திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10 பாகைக்கு இறங்கியது. அதே வருடம் எஃகுக் கம்பி வைத்த கவசத்தைக் கையில் மாட்டி, முழங்கை அசையவே முடியாதபடி செய்து, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் தன் பந்துகளை எல்லாம் வீசிக் காட்டினார்.

"அவருக்காகவே சட்டத்தை 15 பாகைக்கு வளைத்தார்கள்" என்கிறாய். பந்தை வீசும்போது முழங்கை எவ்வளவு நிமிரலாம் என்பதற்குப் பழைய சட்டத்தில் சுழலுக்கு 5 பாகை, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10. 2004 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் எல்லோரையும் படம் பிடித்து ஆராய்ந்தபோது, கிட்டத்தட்ட எல்லாப் பந்துவீச்சாளருமே கையைக் கொஞ்சமாவது நிமிர்த்துகிறார்கள் என்று தெரிந்தது. நேரான கை என்று நாம் சத்தியம் செய்த வேகப்பந்துக்காரர்கள் பலரும் அதில் அடக்கம். 2005-இல் எல்லோருக்கும் ஒரே அளவாக 15 பாகை வந்தது அதனால்தான். பைக்குள் கல் இல்லை, மருமகனே. கல் இருந்திருந்தால் 800 விக்கெட்டையும் நானே கொட்டியிருப்பேன். 2000 சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த நம் சுசந்திகா ஜயசிங்கவுக்கு, பின்னாளில் வெள்ளி கிடைத்தது எப்படி? முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007-இல் ஒப்புக்கொண்டார், பதக்கத்தைப் பறித்தார்கள். ஆட்டத்துக்குள் திருடினால் ஆட்டத்திலிருந்துதான் கழிக்க வேண்டும்.

வோர்ன் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1993-இல் ஓல்ட் டிராபர்டில் இங்கிலாந்தின் மைக் கேட்டிங்குக்குப் போட்டு ஸ்டம்பைச் சாய்த்த அந்தப் பந்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முரளியின் ஓஃப் ஸ்பின், வோர்னின் லெக் ஸ்பின் இரண்டிலும் லெக் ஸ்பின்தான் கஷ்டமான வித்தை என்பதையும் ஏற்கிறேன். முரளி 493 விக்கெட்டை இலங்கை மண்ணிலேயே எடுத்தார், அவுஸ்திரேலியாவில் ஆடிய ஐந்து டெஸ்டில் வெறும் 12 விக்கெட், அதுவும் ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 75 ஓட்டம் கொடுத்து. இதெல்லாம் உண்மை. பங்களாதேஷும் சிம்பாப்வேயும் இல்லாவிட்டால் முரளி எங்கே என்று கேட்டாயே, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு நாடுகளுக்கு எதிராக முரளிக்கு 25 டெஸ்டில் 176, வோர்னுக்கு 3 டெஸ்டில் 17. இரண்டையும் எடுத்துவிடு. முரளிக்கு 108 டெஸ்டில் 624 மிஞ்சும், வோர்னுக்கு 142 டெஸ்டில் 691. ஒரு டெஸ்டுக்கு முரளி ஆறுக்குக் கிட்ட, வோர்ன் ஐந்துக்குக் கிட்ட. மறுமுனையில் அவுஸ்திரேலிய வேகப்பந்துக்காரர் மெக்ரா மாதிரி ஒருவர் இருந்தால் விக்கெட் பங்கு போகும் என்று நீ சொல்லலாம், சொல். அது நல்ல வாதம். ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொல்லவில்லை.

வோர்னின் குணத்தையும் பார். 1994-இல் சூதாட்டக்காரர் ஒருவரிடம் காசு வாங்கினார், அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபை இரகசியமாக அபராதம் போட்டு மூடி வைத்தது. 2003-இல் தடைசெய்த மாத்திரைக்காக ஒரு வருடம் ஆடத் தடை. அவர் 2022-இல் இறந்தபோது மெல்பன் மைதானத்தின் ஒரு பெரிய பார்வையாளர் அரங்குக்கே அவர் பெயரை வைத்தார்கள். பிழைகளைப் பத்திரிகையில் எழுதினார்கள், சிரித்தார்கள், கோபப்பட்டார்கள். அவருடைய 708 விக்கெட்டில் ஒன்றைக்கூட யாரும் கழிக்கவில்லை. நம் ஆளை நாம் நிறுக்கும்போது மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2007 டிசம்பர் 3, திங்கட்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட், வோர்னின் 708-ஐத் தாண்ட முரளிக்கு ஒரு விக்கெட் வேண்டும். விடியற்காலையில் ஹட்டனிலிருந்து கிளம்பினோம். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். கூட வந்த சிங்களப் பையன்களின் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். என் பெயரைப் படித்ததும் தனியாக நிற்கச் சொன்னார்கள். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, ஏன் இவ்வளவு காலையில்? "மெச்" பார்க்க என்று சொன்னேன். அரை மணி நேரம் நின்றேன். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் கை உதறிக்கொண்டிருந்தது.

போல் கொலிங்வுட்டின் விக்கெட் சரிந்தது. 709. பட்டாசு வெடித்தது. என் பக்கத்தில் நின்ற முகம் தெரியாத சிங்களக் கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து "அபே முரளி, அபே முரளி" என்று அழுதார். எங்கள் முரளி! காலையில் என் பெயரால் என்னை ஒதுக்கி நிறுத்தினார்கள், பிறகு அதே மாதிரி ஒரு பெயரைச் சொல்லி ஒரு மைதானமே அழுதது. அன்று சாயங்காலம் பேராதனையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நான் நிமிர்ந்து நின்றேன். யுத்தம் முடியவில்லை, சோதனைச் சாவடி போகவில்லை. ஆனாலும் அந்த நாளை என்னிடமிருந்து யாரும் வாங்க முடியாது, நீயும்தான்.

அப்புறம் அவருடைய குணம். 2006-இல் கிறைஸ்ட்சர்ச்சில் சங்கக்கார சதம் அடித்ததும், பந்து இன்னும் உயிரோடு இருப்பதை மறந்து, வாழ்த்துச் சொல்ல முரளி கோட்டுக்கு வெளியே நடந்தார். நியூசிலாந்துக்காரர்கள் ஸ்டம்பைத் தட்டி ஆட்டமிழக்கச் செய்தார்கள். கூட்டாளியின் சந்தோஷத்தில் தன் விக்கெட்டை மறக்கிற மனுஷன். 2010-இல் காலி நகரில் இந்தியாவுடன் டெஸ்ட், 792 விக்கெட்டில் நிற்கும்போதே இந்த டெஸ்டோடு போகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடி நிம்மதியாக 800 எடுத்திருக்கலாம். முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. 799-இல் நிற்கும்போது இந்தியாவின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. மறுமுனையிலிருந்தோ ரன் அவுட்டிலோ அந்த விக்கெட் போயிருந்தால் அவ்வளவுதான். முரளியின் பந்தில் பிரக்யான் ஓஜா கொடுத்த பிடியை மஹேல ஜயவர்தன பிடித்தார். சுனாமிக்குப் பிறகு தென்கரையில் சீனிகமவில் அவர் செய்த உதவி, யுத்தம் முடிந்து 2012-இல் வடக்கில் அவர் பெயரில் தொடங்கிய கிண்ணப் போட்டி, இவையும் உனக்குத் தெரிந்ததே.

இப்போது உன் மூன்றாவது கேள்வி. அவர் லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை, இல்லை, உண்மைதான். அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், தகப்பன் காலத்தில் கண்டிப் பக்கம் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை. 1977-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அந்தக் குடும்பத்துக்கும் நெருப்பு வந்தது. கட்டாந்தரையில் ஆடுகிற நம் பிள்ளைக்குத் தோல்பந்தும் புல்தரையும் கிடைத்திருந்தால் இன்னொரு முரளி கிடைத்திருப்பான். அது கிடைக்காதது யார் குற்றம் என்று கேட்க வேண்டிய இடம் வேறு, அதைச் சத்தமாகக் கேள். நானும் வருகிறேன்.

ஆனால் 2019 தேர்தல் நேரத்தில், யுத்தம் முடிந்த 2009-தான் தன் வாழ்நாளில் மிகச் சந்தோஷமானது என்று அவர் பேசியது எனக்கும் வலித்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். 2009-இல் பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்களை நாம் மறந்துவிட முடியாது. 2020-இல், அவரைப் பற்றி எடுக்கவிருந்த படத்துக்கு எதிர்ப்பு வந்தபோது, அப்பாவிகள் இறந்ததை நான் ஆதரிக்கவில்லை, பயமில்லாமல் நடமாட முடிந்ததைத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. அந்த மேடையில் அவர் வேறு மாதிரிப் பேசியிருக்க வேண்டும், அதற்கான இடம் அவருக்கு இருந்தது. நேரில் பார்த்தால் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். நீயும் சொல், எழுது, திட்டு. ஆனால் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் அவருடைய முழங்கையில் வைக்காதே. அவருடைய பேச்சுப் பிடிக்காததால் அவருடைய பந்து எறிபந்து ஆகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை நீ செய்தது அதுதான். அம்மாயியின் பையில் இரண்டு கிலோ கழித்தவர் செய்ததும் அதுதான்.

வரும் ஞாயிறு வா. அந்தக் கேட்டிங் பந்தை உன் போனில் போட்டு அம்மாயிக்குக் காட்டு, அவள் இன்னும் பார்க்கவில்லை. நான் காலியில் ஓஜா ஆட்டமிழந்த பந்தைக் காட்டுகிறேன். மழை இல்லாவிட்டால் லயத்துக்கு முன்னால் ஆடுவோம். சட்டம் பழையதுதான்: பள்ளத்துத் தேயிலைக்குள் அடித்தால் அவுட், பந்தை அடித்தவனே இறங்கி எடுத்து வர வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா