பழைய வீட்டுத் தோட்டப் பராமரிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் சில உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் இரண்டு கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. பள்ளி மாணவர்கள் ஒருமுறை வந்து பார்த்துச் சென்றனர்.

"வருஷம் ஒன்றாச்சு, ஒரு ரோஜாச் செடிகூட இல்லையே" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பல காலம் வண்டிகள் நின்று இறுகிய தரை அது. ஓரடிக் குழியில் நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதி நின்றது. மேலே கொட்டிய கட்டட இடிபாட்டிலிருந்த சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தை ஏற்றிவிட்டன. அதனால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல், கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இடிபாட்டை அள்ளாமல் எந்த உரம் போட்டும் பயனில்லை.

பொக்லைன் விட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் என்றார்கள். பழைய நடைபாதையின் செங்கல் விளிம்பும் அதோடு முடிந்திருக்கும். அது ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. கம்பியால் குத்திக் குத்தித்தான் தடம் பிடித்தோம். மரங்களின் உணவு வேர்களும் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடியிலேயே ஓடுகின்றன. அடிமரத்தை மூடிய மண்ணை, வேர் விரியும் இடம் தெரியும்வரை கையாலேயே எடுத்தோம். அப்படியே விட்டிருந்தால் ஈரத்தில் பட்டை அழுகும்.

சுற்றுச்சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. முன்பு அதன்மேல் சிமென்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி, செங்கல் முகம் பொரிந்து உதிர்ந்தது. பூச்சை உரித்து, இடுக்குகளை ஓரங்குலம் சுரண்டி, நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு வைத்து அடைத்தோம். ஈரச்சாக்கு போட்டு மூடாவிட்டால் சாந்து வேகமாகக் காய்ந்து, விரல் பட்டாலே பொடியாகும். சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். நாலு செங்கலைக் கழற்றியாவது வேரோடு எடுக்க வேண்டும். கிழக்குச் சுவர் முடிந்தது. மேற்குச் சுவர் சுரண்டியதோடு நிற்கிறது.

வரவுக்குள் செலவு அடங்கியது. பெரும்பகுதி இடிபாடு அள்ளிய வண்டி வாடகை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. ரோஜா எங்கே என்று கேட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டதோடு சரி.

உழைத்த கொத்தனாருக்கும் தோட்டக்காரருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த துணைத்தலைவருக்கும் நன்றி.

பக்கத்து அடுக்குமாடி நிழலால் பழைய ரோஜாப் பாத்திக்கு ஆறு மணி நேர வெயில் இனி கிடைக்காது. அங்கேயே ரோஜா வைப்பது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு மறுபரிசீலனை செய்யட்டும். அதைவிட அவசரம் மேற்குச் சுவர். மழைக்குமுன் சாந்து அடைக்காவிட்டால் சுரண்டிய இடுக்குகளில் தண்ணீர் இறங்கும். கொத்தனார் முன்பணம் இல்லாமல் வரமாட்டார். செயலாளர் பொறுப்பேற்க விரும்புவோர் பெயர் கொடுக்கலாம். கிடங்குச் சாவியும் சந்தா பாக்கி நோட்டும் சேர்த்தே ஒப்படைக்கப்படும்.