‘ஏலியஸ்’ தொடரின் இறுதிக் காட்சியை வெட்டியமை தொடர்பான புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

எட்டு வருடங்களாக உங்கள் சந்தாதாரராக இருக்கிறேன். மழைக்காலத்தில் படம் விட்டுவிட்டு வந்த நாட்களில்கூட நான் முறையிட்டதில்லை. இம்முறை பொறுக்க முடியவில்லை.

இரு வாரங்களுக்கு முன் ஞாயிறு இரவு, ‘ஏலியஸ்’ உளவுத் தொடரின் இரண்டாம் பருவத்து 13ஆம் அங்கத்தைத் தமிழ் உபதலைப்புகளுடன் ஒளிபரப்பினீர்கள். அமெரிக்காவில் 2003 ஜனவரி 26ஆம் திகதி, சூப்பர் போல் எனும் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டம் முடிந்த கையோடு முதன்முதலில் காட்டப்பட்ட அங்கம் அது. அதுவரை ஓடிய கதையை அது தலைகீழாக்கிவிடும். தாங்கள் வேலை செய்யும் எஸ்டி-6 என்ற அமைப்பு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.யின் பிரிவே அல்ல என்ற உண்மையைக் கதாநாயகி சிட்னி தன் கூட்டாளி டிக்ஸனிடம் உடைக்கிறாள். கடைசியில் சி.ஐ.ஏ. படை உள்ளே புகுந்து எஸ்டி-6ஐத் துடைத்தெறிகிறது. அந்தச் சிதைவுகளுக்கு நடுவே சிட்னியும் சி.ஐ.ஏ. அதிகாரி வோனும் முத்தமிடுகிறார்கள்.

எங்கள் தொடர்மாடியில் நான்கு வீட்டார் ஒன்றாக இருந்து பார்த்தோம். டிக்ஸன் உண்மையை அறியும் இடத்தில் எதிர்வீட்டு அக்கா கையிலிருந்த தேநீரை மறந்து எழுந்தே நின்றுவிட்டார். முத்தக் காட்சியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். ரொறன்ரோவில் தங்கை வீட்டில் இத்தொடரை இறுவட்டில் முன்பே பார்த்திருந்த நான் மட்டும் வாய் திறக்காமல் காத்திருந்தேன். அந்த அங்கத்தின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. சிட்னியின் ஆருயிர்த் தோழி பிரான்ஸி சுட்டுக் கொல்லப்படுகிறாள்; அவளுடைய முகத்தையே கொண்ட இன்னொருத்தி அவளுடைய இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அதைக் காணும்போது இவர்களுடைய முகங்கள் எப்படி மாறும் என்று பார்க்க எத்தனையோ வாரங்களாக ஆசைப்பட்டிருந்தேன்.

அந்தக் காட்சி வரவேயில்லை. முத்தம் முடிந்ததும் விளம்பரம். அதன் பின் சமையல் நிகழ்ச்சி.

மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, வன்முறை காரணமாக நீக்கியிருக்கலாம் என்றார் உங்கள் ஊழியர். அப்படியானால், அதே அங்கத்தில் சிட்னியின் தந்தை ஜாக்கைக் கட்டிவைத்து வதைக்கும் காட்சியை எப்படிக் காட்டினீர்கள்? ஆறு தடவை விளம்பரம் போட்டதில் நேரம் போதாமல் கதையின் வாலை நறுக்கிவிட்டீர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அது வெறும் ஒரு காட்சிதானே என்று சொல்லிவிடாதீர்கள். பருவத்தில் எஞ்சியுள்ள 9 அங்கங்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. பிரான்ஸி சிரிக்கும்போதெல்லாம், சிட்னியின் நண்பன் வில் என்பவனுடன் நெருங்கும்போதெல்லாம் பார்ப்பவருக்கு நெஞ்சு பதற வேண்டும். கடந்த ஞாயிறு 14ஆம் அங்கம் ஓடியபோது பக்கத்து வீட்டுச் சிறுமி, “அன்ரி, பிரான்ஸி அக்கா ஏன் இப்படி நடக்கிறா?” என்று கேட்டாள். நடந்ததை நான் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் தானாகக் கண்டு திடுக்கிட்டிருக்க வேண்டிய கணம் அது. அதை இனி அவளுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆயினும் வேறு வீடுகளில் இன்னும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவேனும் 15ஆம் அங்கத்துக்கு முன்பாக 13ஆம் அங்கத்தை முழுமையாக மறுஒளிபரப்புச் செய்யுங்கள். காட்சியை வெட்டியது யார், எதற்காக என்பதை எனக்கு எழுத்தில் அறியத் தாருங்கள். இம்மாதக் கட்டணத்தில் உரிய கழிவையும் எதிர்பார்க்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்