முகாமில் மிஞ்சும் பெட்டைக் குட்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருவில் மீட்ட நாய்க்குட்டிகளைத் தத்துக் கொடுக்கும் முகாம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். எல்லாம் நாற்பது, ஐம்பது நாள் குட்டிகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

முகாமுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், கடுவன் குட்டிகள்தான் முதலில் போகும். மதியத்துக்கு மேல் அட்டைப்பெட்டியில் கிடப்பவை பெரும்பாலும் பெட்டைகள். "குட்டி போட்டா யாருங்க பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆறு மாத வாக்கில் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை. அதைச் சொல்ல ஆளில்லாததால்தான் எங்கள் பகுதியில் ஏரிக்கரையிலும் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாலும் பெட்டைக் குட்டிகளைச் சாக்கோடு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படி மிஞ்சிய ஒரு செவலைப் பெட்டைதான். வந்த அன்று விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் உப்பியிருந்தது. நன்றாகச் சாப்பிட்ட வயிறு என்றார் பக்கத்து வீட்டு மாமா. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, அத்தனையும் பூச்சி என்றார். மருந்து கொடுத்த மறுநாள் வேகவைத்த சேமியா மாதிரி கொத்துக் கொத்தாக வெளியே வந்தது. மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். பாலும் பிஸ்கெட்டும் வேண்டாம், குழைந்த சோறும் வேகவைத்த முட்டையும் போதும் என்றார்கள்.

தடுப்பூசியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இவை முடிவதற்குள் குட்டியைத் தெருவில் இறக்கி நடக்கவிட்டால் பார்வோ என்கிற வைரஸ் நோய் பிடித்துக்கொள்ளும். வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும்.

இன்னொன்று, மனுஷர் உயிர் சம்பந்தப்பட்டது. பல் முளைக்கிற காலத்தில் குட்டி எதையும் கடிக்கும், குழந்தைகள் கையைத்தான் முதலில் கடிக்கும். 'குட்டிதானே, என்ன ஆகிவிடும்' என்று மஞ்சளைத் தடவிவிட்டு உட்காரக் கூடாது. ரேபிஸுக்குக் குட்டி, பெரிய நாய் என்ற கணக்கெல்லாம் கிடையாது. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

இத்தனையும் செய்தவர்கள்கூட எட்டாம் மாதத்தில் சலித்துப்போகிறார்கள். செருப்பைக் கடிக்கிறது, ராத்திரியில் குரைக்கிறது, வாடகை வீடு மாற வேண்டியிருக்கிறது. வண்டியில் ஏற்றிப்போய் வேறு பேட்டையில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். சோபாவில் படுத்து வளர்ந்த நாயை அந்தத் தெரு நாய்கள் உள்ளே விடுமா? இப்படி விட்டுப்போவதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. ஆனால் முதல்முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இதற்குப் பயந்து யார் வண்டியைத் திருப்பப் போகிறார்கள்?

தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. எடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொன்னது. முதல் பாதி எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. இரண்டாம் பாதியை யாரும் அனுப்பி நான் பார்க்கவில்லை.

முகாம் நடத்துபவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, கைக்காசு போட்டுச் செய்கிறார்கள். இருந்தாலும் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுத்தால் போதாது. கருத்தடைக்கான தேதியையும் அங்கேயே எழுதிக் கொடுத்து, ஆறாம் மாதம் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். வாடகை வீட்டுக்காரராக இருந்தால் வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. தாங்களும் அடுத்த முகாம் அறிவிப்பைப் போடும்போது, போன முகாமில் தத்துப்போன குட்டிகளில் எத்தனை இன்னும் அதே வீட்டில் இருக்கின்றன என்று அவர்களிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை.